ஒரு சாணும் இரண்டு விரலும்

டிப்போவில் அவருக்குப் பெயர் கறார். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. முப்பத்தொரு வருடமாக டைம் கீப்பர் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு நிமிடம் பிந்தி வந்த பேருந்தின் டிரைவரையும் தன் கம்பிக் கூண்டு அறைக்கு முன்னால் நிற்க வைத்துக் காரணம் கேட்டு எழுதியவருக்கு வேறு எந்தப் பெயரும் ஒட்டவில்லை. வீட்டில்கூட, கோபம் வந்தால் அவர் மனைவி, “கறார் சாப்பிட வரலாம்” என்றுதான் கூப்பிடுவாள்.

ஓய்வு பெற எட்டு மாதம் இருக்கும்போது கறாருக்குப் பத்து நாள் விடுப்பு கிடைத்தது. கேட்டது நாற்பது. அடுத்த மாதம் டிப்போவில் எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறுகிறது, அதற்குள் வந்து பொறுப்பை ஒப்படைக்க வேண்டும் என்று மேலாளர் சொல்லிவிட்டார். போக வேண்டிய இடமோ கடல் தாண்டி, மகள் வாழ்க்கைப்பட்டுப் போன நாடு. கறார் அதுவரை விமானத்தை அண்ணாந்துதான் பார்த்திருந்தார்.

“பத்து நாள் தாராளம்,” என்றார் மனைவியிடம். “ஒழுங்கா ஷெட்யூல் போட்டா பத்து நாள்ல உலகத்தையே ஒரு சுத்து சுத்திட்டு வரலாம்.”

“உலகம் இருக்கட்டுங்க. பொண்ணு வீட்டுக்குப் போனா போதும்.”

“முதல்ல அக்கா வீடு.”

மனைவி அடுப்பைக் குறைத்தாள். இந்தப் பேச்சு எங்கே போய் முட்டும் என்று அவளுக்குத் தெரியும்.

கறாரின் குடும்பத்தில் அவர் அப்பா வைத்துவிட்டுப் போன சட்டம் ஒன்று உண்டு. எந்த ஊருக்குப் போனாலும் அங்கே இருக்கும் மூத்தவர் வாசலில்தான் முதலில் கால் வைக்க வேண்டும். மற்ற வேலையெல்லாம் அதற்கப்புறம். அப்பா அதைச் சொன்னதோடு நிற்கவில்லை, நடந்தும் காட்டினார். பல்வலியில் கன்னம் வீங்கி வெளியூர் டாக்டரிடம் போனபோதுகூட, பெரியப்பா வீட்டுக்குப் போய் ஒரு தம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்து, அந்தத் தண்ணீர் பல்லில் பட்டுத் துடித்து, அதன்பிறகுதான் டாக்டர் வீட்டுப் பக்கம் திரும்பினார். அப்படிப்பட்டவரின் பிள்ளை கறார்.

கறாரின் அக்காதான் குடும்பத்தில் இப்போது மூத்தவள். பதினெட்டு வருடமாக அதே நாட்டில் மகனோடு இருக்கிறாள். கறாரின் மகள் அங்கே போய் ஏழு வருடம் ஆகிறது. அத்தை வாசலை அவள் ஒரு நாளும் மிதிக்கவில்லை. ஒரு வருடம் பொறுத்துப் பார்த்த அக்கா, தம்பிக்குப் போன் செய்தாள். “ஒரே நாட்டுல இருந்துக்கிட்டு என் வாசலை மிதிக்காத பொண்ணோட அப்பன் எனக்கு யாரு?” என்றாள். போனை வைத்தாள். ஆறு வருடமாக அந்தப் போன் பேசவில்லை.

கறாருக்கு அது அக்காவின் கோபமாகப் படவில்லை. தன் வளர்ப்பின்மேல் விழுந்த அடியாகப் பட்டது. மகளைக் கேட்டார். “அது ரொம்ப தூரம்பா,” என்றாள் அவள்.

‘ரொம்ப தூரம்’ என்ற வார்த்தை கறாரிடம் செல்லாது. டைம் கீப்பர் கூண்டுச் சுவரில் டிப்போவின் ரூட் படம் ஒன்று ஆணியடித்து மாட்டியிருந்தது. அந்தப் படத்தில் கறாரின் ஒரு சாண் என்பது இரண்டு மணி நாற்பது நிமிடம். முப்பத்தொரு வருடத்தில் அந்தச் சாண் பொய் சொன்னதில்லை. புது ரூட் விடுவதாக இருந்தால் மேலாளரே, “கையை வைங்க சார்” என்பார். கறார் கையை வைப்பார், நேரத்தைச் சொல்வார், பேருந்து அந்த நேரத்துக்குப் போய் நிற்கும்.

அன்றைக்கு அவர் மகள் பள்ளியில் படித்த அட்லஸை எடுத்தார். அந்த நாட்டுக்கான பக்கத்தைப் பிரித்தார். மகள் ஊரில் கட்டை விரலை ஊன்றி அக்கா ஊரை நோக்கிக் கையை விரித்தார். ஒரு சாணும் இரண்டு விரலும். சாணுக்கு இரண்டு மணி நாற்பது, இரண்டு விரலுக்கு இருபத்தேழு நிமிடம், டீ குடிக்க மூன்று நிமிடம்.

“மூணு மணி பத்து நிமிஷம்,” என்றார் போனில். “ஞாயித்துக்கிழமை காலைல கிளம்பினா சாயந்திரம் உன் வீட்டுல இருக்கலாம். தூரம்ங்கறது சாக்கு. உனக்கு மனசில்ல.”

“அப்பா, அட்லஸ்ல பார்த்து அப்படிச் சொல்ல முடியாதுப்பா…”

“எனக்கு ஓட்ட நேரம் சொல்லித் தராதே.”

அன்றிலிருந்து அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவில் ஓடியது இரண்டே வார்த்தை. ‘நல்லா இருக்கியா?’ ‘இருக்கேன்பா.’ அத்தோடு போன் மனைவி கைக்குப் போய்விடும்.

இந்தப் பத்து நாள் அதற்குத்தான். விமானத்தை விட்டு இறங்கியதும் நேராக அக்கா வாசல். மகளையும் அங்கே வரவழைத்து, அக்கா முன்னால் நிறுத்தி, நாலு வார்த்தை பேச வைத்து, விட்டுப்போன உறவை ஒட்டவைத்துவிட்டுத்தான் மறுவேலை. அக்காவுக்கு எழுபத்து மூன்று வயது. இன்னொரு விடுப்பும் இன்னொரு பயணமும் இந்த ஜென்மத்தில் நடக்கும் என்று கறாருக்குத் தோன்றவில்லை. இந்தத் தடவை விட்டால், ஒரு தகப்பன் பிள்ளைகள் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமலே போய்ச் சேர வேண்டியதுதான்.

டிப்போவில் மதிய நேரம் வண்டிகள் குறைவு. கறார் ஒரு புது டிரிப் ஷீட்டை எடுத்து, மரத்தட்டில் கிளிப் போட்டு, தன் பயணத்தை எழுதிக்கொண்டிருந்தார். டிரிப் ஷீட்டில் ஐந்து கட்டம். புறப்பாடு, சேருமிடம், ஓட்ட நேரம், நிறுத்தம். கடைசியில் அகலமாக, ‘தாமதத்துக்குக் காரணம்’.

ஜன்னலில் ரிவர்ஸ் தலையை நீட்டினார். இருபது வருடத்துக்கு முன்னால் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது கேன்டீன் சுவரை இடித்துத் தள்ளிய டிரைவர் அவர். சுவரை அன்றைக்கே கட்டிவிட்டார்கள். பெயர்தான் நின்றுவிட்டது. கறாரும் அவரும் ஒரே வருடம் வேலையில் சேர்ந்தவர்கள்.

“என்னய்யா இது, ரெண்டாம் நாள் காலை ஆறு மணி புறப்பாடு, ஒன்பது பத்து மகள் வீடு? அங்கயும் போய் டிரிப் ஷீட்டா?”

“ஷீட் இல்லாம வண்டி நகராது.”

“கடைசிக் கட்டம் காலியா கிடக்கே?”

“நான் போடற ஷெட்யூல்ல தாமதம் வராது.”

“வந்தா டிரைவர்னு எழுதிடுவே.”

“டிரைவர் காரணம்னா டிரைவர். டயர்னா டயர்.”

“முப்பத்தொரு வருஷத்துல ஒரே ஒரு நாள், காரணம் டைம் கீப்பர்னு எழுதியிருக்கியா நீ?”

“அப்படி ஒரு நாள் வரலை.”

“வரும்யா. நான் ரிட்டையர் ஆகறதுக்குள்ள வந்துட்டா நல்லா இருக்கும்,” என்றார் ரிவர்ஸ். “சரி எழுந்திரு, டிக்கெட் போட நானும் வர்றேன். தனியா விட்டா அந்த அம்மாகிட்டயும் காரணம் கேட்பே.”

டிக்கெட் போடுகிற அம்மாவின் அலுவலகம் கண்ணாடிக் கடைக்கு மேலே, குறுகலான படியேறிப் போக வேண்டிய ஒற்றை அறை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சுவரில் யாரோ கொடுத்த விமானப் படம் போட்ட காலண்டர். அந்த அம்மா மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டுக் கம்ப்யூட்டரைப் பார்த்துப் பேசினாள்.

“பொண்ணு ஊருக்கு நேரா ஒரு ஃபிளைட் இருக்கு சார். செவ்வாய்க்கிழமை காலைல பதினொண்ணு நாற்பதுக்கு ஏறறீங்க. செவ்வாய்க்கிழமை மதியம் ரெண்டு பத்துக்கு இறங்கறீங்க.”

கறார் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். “ஓட்ட நேரம் ரெண்டரை மணி.”

“இல்ல சார். பதினஞ்சு மணி நேரம்.”

“பதினொண்ணு நாற்பதுலேர்ந்து ரெண்டு பத்து. ரெண்டரை.”

“அங்க மணி பின்னாடி இருக்கு சார். நமக்கும் அவங்களுக்கும் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம்.”

“சரி. அப்ப வரும்போதும் ரெண்டரை.”

“வரும்போது புதன்கிழமை காலைல பத்து மணிக்கு ஏறினா வியாழக்கிழமை மதியம் ஒன்றரைக்கு இறங்குவீங்க.”

ரிவர்ஸ் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். “இருபத்தேழரை மணி நேரமா? வர்றப்போ டிரைவர் மாத்த மாட்டாங்களாம்மா?”

“அதுவும் பதினஞ்சு மணி நேரம்தான் சார்,” என்றாள் அவள், பழகிப்போன பொறுமையோடு.

கறார் ஷீட்டைப் பார்த்தார். ஒரே வண்டி, ஒரே ரூட், போக ரெண்டரை, வர இருபத்தேழரை, ஆனால் இரண்டும் பதினைந்து. இப்படி ஒரு ஷீட்டை எந்த கண்டக்டராவது கொண்டுவந்து நீட்டியிருந்தால் அன்றைக்கே சஸ்பெண்ட் ஆகியிருப்பான். இருந்தாலும் வெளிநாட்டுக்காரன் விவகாரம் என்று அதை ஒதுக்கிவிட்டு, முக்கியமான விஷயத்துக்கு வந்தார்.

“மகள் ஊர் அப்புறம். முதல்ல எங்க அக்கா ஊருக்குப் போடுங்க. அங்கேர்ந்து மகள் ஊருக்குப் பஸ்ல போய்க்கறோம். மூணு மணி பத்து நிமிஷம்தான்.”

அந்த அம்மா கண்ணாடியைத் தலையிலிருந்து மூக்குக்கு இறக்கினாள். “எது சார் மூணு மணி பத்து நிமிஷம்?”

கறார் சொன்னார். அவள் இரண்டு ஊர்ப் பெயரையும் தட்டிப் பார்த்தாள். கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். “பிளேன்லயே அஞ்சரை மணி நேரம் சார். பொண்ணு ஊர்ல காலைல எட்டுக்கு ஏறினா, அக்கா ஊர்ல சாயந்திரம் நாலரைக்கு இறங்கலாம். திரும்ப அஞ்சு மணிக்கு ஏறினா ராத்திரி ஏழரைக்கு வந்துடலாம்.”

“போக எட்டரை, வர ரெண்டரையா?”

“இறக்கமா இருக்கும்யா,” என்றார் ரிவர்ஸ்.

“அந்த நாட்டுக்குள்ளயே மூணு மணி நேர வித்தியாசம் சார். கிழக்குல ஒரு மணி, மேற்குல ஒரு மணி.”

“ஒரே நாட்டுல ரெண்டு மணியா?”

“நாலு இருக்கு சார்.”

ஒரு டிப்போவில் இரண்டு கடிகாரம் வேறு வேறு மணி காட்டினாலே வண்டிகள் ஒன்றோடு ஒன்று முட்டிக்கொள்ளும். நாலு மணி வைத்துக்கொண்டு ஒரு நாடு எப்படிச் சோறு தின்று தூங்கி எழுந்திருக்கிறது?

“டிக்கெட்டை எந்த ஊருக்குப் போடட்டும் சார்?” என்று கேட்டாள் அவள். “நாளைக்குள்ள சொல்லுங்க. இந்த சீட் போயிடும்.”

படியிறங்கும்போது கறார் வீம்பாகச் சொன்னார். “பிளேன் டிக்கெட் விக்கறவங்க பஸ்ஸைப் பத்தி நல்லதா சொல்வாங்களா? ஏறினா இறங்கினா டிக்கெட் போடணும் அவங்களுக்கு.”

ரிவர்ஸ் பதில் சொல்லவில்லை. எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கும் மனிதர் வாயை மூடிக்கொண்டு வந்ததுதான் கறாரை வீடு வரைக்கும் குடைந்தது.

வீட்டுக்கு வந்ததும் மணி பார்த்தார். கூடத்துக் கடிகாரத்தில் ஆறு. ஃபிரிட்ஜ் மேல் இருந்த சின்ன அலாரம் கடிகாரத்தில் ஐந்தரை. அந்தக் கடிகாரம் ஒரு தறுதலை. எப்போதும் அரை மணி நேரம் ஸ்லோ. ஞாயிற்றுக்கிழமை தோறும் கறார் அதைச் சரி செய்து வைப்பார். திங்கட்கிழமை பார்த்தால் மறுபடி அரை மணி பின்னால் நிற்கும். டைம் கீப்பர் வீட்டில் இப்படி ஒரு கடிகாரமா என்று யாராவது கேட்டால் மானம் போய்விடும் என்று, விருந்தாளிகள் வரும்போது அதை அலமாரிக்குள் தள்ளிவிடுவார்.

பழக்கத்தில் கை அதை நோக்கிப் போனது. பாதி வழியில் நின்றது. பன்னிரண்டரை மணி நேரம் பின்னால். கடிகாரத்துக்குக் காலையும் தெரியாது, மாலையும் தெரியாது. பன்னிரண்டைத் தள்ளிவிட்டால் மிச்சம் அரை.

“இது…” என்றார்.

“பொண்ணோட மணி,” என்றாள் மனைவி, துணியை மடித்துக்கொண்டே. “அவ எழுந்தாளா, சாப்பிட்டாளா, வேலைக்குப் போனாளான்னு பார்த்துக்குவேன். ஏழு வருஷமா இருக்கு. நீங்க ஞாயித்துக்கிழமை திருப்பி வைப்பீங்க, நான் திங்கட்கிழமை திருப்பி வைப்பேன்.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?”

“எதுக்கு? ஓட்ட நேரம் சொல்லித் தராதேன்னு என்னையும் சொல்றதுக்கா?”

கறார் நாற்காலியில் உட்கார்ந்தார். தலை கால் புரியவில்லை. சிறிது நேரம் கழித்து எழுந்து அட்லஸை எடுத்தார். அந்தப் பக்கத்தைப் பிரித்தார். கையை வைத்தார். அதே ஒரு சாணும் இரண்டு விரலும். எங்கே தவறு? பக்கத்தின் மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு எழுத்தாக, சந்தேகப்பட்ட டிரிப் ஷீட்டைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு வந்தார். அடி ஓரத்தில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு சின்னக் கோடு இருந்தது. அதை அவர் இத்தனை நாளும் பக்க அலங்காரம் என்று நினைத்திருந்தார். கோட்டுக்குக் கீழே பொடி எழுத்தில் முந்நூறு கிலோமீட்டர் என்று போட்டிருந்தது. அதன்மேல் விரலை வைத்துப் பார்த்தார். சரியாக ஒரு விரல் அகலம்.

கிலோமீட்டர் என்பது டிரைவர்கள் சமாசாரம். டைம் கீப்பருக்கு நிமிடம்தான். ஆனாலும் கூண்டுச் சுவரில் இருக்கும் படத்தில் ஒரு விரல் என்பது பத்துக் கிலோமீட்டர் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. இங்கே ஒரு விரல், முந்நூறு.

ஷீட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். ஒரு சாணுக்குப் பன்னிரண்டு விரல், கூட இரண்டு, ஆக பதினாலு விரல். நாலாயிரத்து இருநூறு கிலோமீட்டர். வண்டி மணிக்கு நாற்பத்தைந்து போகும். தொண்ணூற்று மூன்று மணி நேரமும் சொச்சமும். எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை டிரைவர் மாற வேண்டும். ஆக பன்னிரண்டு டிரைவர்.

போட்ட கணக்கை மறுபடி போட்டார். விடை மாறவில்லை. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

பன்னிரண்டு டிரைவர்கள் மாறி மாறி ஓட்டி நாலு நாள் போக வேண்டிய தூரத்தை, ஒரு ஞாயிற்றுக்கிழமையில் போய்வரச் சொல்லி மகளை ஏசியிருக்கிறார். அவள் உண்மையைச் சொன்னாள். உண்மை சொன்னவளை ஆறு வருடமாக ‘நல்லா இருக்கியா’வோடு நிறுத்திவைத்திருக்கிறார். இது வெளியே தெரிந்தால் குடும்ப மானம் என்ன ஆவது என்று முதலில் தோன்றியது. வெளியே தெரியாவிட்டால் மட்டும் மானம் இருக்கிறதா என்று அடுத்துத் தோன்றியது. அக்காவுக்கு என்ன பதில்? எந்த வாசல் முதல் வாசல்? ஒன்றும் பிடிபடவில்லை.

“அக்கா நம்பரை எடு,” என்றார்.

மனைவி நோட்டைத் தேடவில்லை. நம்பர் அவளுக்கு மனப்பாடம். “இப்ப அங்க காலைல ஒன்பது மணி இருக்கும்,” என்றாள். “எழுந்திருப்பாங்க.” இதை எந்தக் கடிகாரத்தில் பார்த்தாள் என்று கேட்கக் கறாருக்குத் தெம்பு இல்லை.

நாலு முறை மணி அடித்து ஐந்தாவதில் எடுத்தாள் அக்கா.

“யாரு?”

“நான்தான்.”

“எந்த நான்?”

“உன் தம்பி.”

அந்தப் பக்கம் தண்ணீர்க் குழாயை மூடும் சத்தம் கேட்டது. “எனக்கு ஒரு தம்பி இருந்தான். அவன் பெத்த பொண்ணு ஒருத்தி…”

“அக்கா, திட்டு. திட்டறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு சொல்லு. என் பொண்ணு ஊரு உன் வீட்டுலேர்ந்து எவ்வளவு தூரம்?”

“அதை என்னைக் கேக்கறியா? டிவியில மழை வருமான்னு சொல்றப்போ ரெண்டு ஊரையும் ஒரே படத்துலதான் காட்டறான். இந்த ஓரத்துல நான், அந்த ஓரத்துல அவ. கையை வச்சே பார்த்தேன். எட்டித் தொடற தூரம்.”

கறார் கண்ணை மூடிக்கொண்டார். “கையை வச்சா பார்த்தே?”

“ஏன், சாண் போட்டு அளக்க அப்பா சொல்லிக்கொடுத்தது உனக்கு மட்டுமா? மூணு சாண் வந்துது. பெரிய டிவி.”

“அக்கா, அது தொண்ணூத்து மூணு மணி நேரம்.”

“எது?”

“பஸ்ல போனா. பிளேன்ல போனா அஞ்சரை. உனக்கும் அவளுக்கும் மணியே வேற. நீ இப்போ ஒன்பதுல இருக்கே, அவ ஆறுல இருக்கா.”

போன் அறுந்துவிட்டதோ என்று கறார் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார்.

“என் மகனும் இதையேதான் சொன்னான்,” என்றாள் அக்கா. குரல் இறங்கியிருந்தது. “அவனுக்கும் அவன் பொண்டாட்டிக்கும் லீவு போட்டு என்னைக் கூட்டிட்டுப் போக மனசில்ல, அதான் ஜோடிச்சுப் பேசறாங்கன்னு நெனச்சேன். மூணு மாசம் அவன்கூடப் பேசலை.”

“பதினெட்டு வருஷமா அந்த நாட்டுல இருக்கியே.”

“நாட்டுல எங்க இருந்தேன்? வீடு, டாக்டரு, முனைக் கடை. மூணு தெருவுக்கு மேல நான் கண்டதில்ல. ஏர்போர்ட்டுலேர்ந்து வந்த அன்னைக்குக் கார்ல தூங்கிட்டேன். இது எவ்வளவு பெருசுன்னு எனக்கு யார் காட்டினா?”

மன்னிப்புக் கேட்கும் பழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லை. இருவரும் கேட்கவில்லை. “நாங்க அங்க வர்றோம், அக்கா,” என்றார் கறார்.

“எத்தனை நாளைக்கு வர்றே?”

“லீவு பத்து நாள். போக வர போனா எட்டு இருக்கும். எந்தக் கிழமை எந்தப் பக்கம் விழுதுன்னு எனக்கே சரியாப் புரியலை. ஆனா முதல்ல உன் வாசல்தான். அப்பா வச்ச சட்டம்.”

“அப்பா பஸ்ஸு போற தூரத்துக்கு வச்ச சட்டம்டா அது. மூத்தவ நான் சொல்றேன், கேளு. நேரா பொண்ணு வீட்டுக்குப் போ. வாசல்ல கால் வைக்கறதுக்கு முன்னாடி எனக்குப் போன் போடு. நான் உள்ள வான்னு சொல்றேன். அப்ப அது என் வாசல்.”

கறார் யோசித்தார். “அது சட்டத்துல வருமா?”

“இப்ப சட்டமே நான்தான்டா.”

“சரி.”

“கடைசி ரெண்டு நாள் இங்க வந்துட்டுப் போ. அவளால முடிஞ்சா அவளையும் கூட்டிட்டு வா. முடியலைன்னா நீ வா, போதும். அவகிட்ட… அத்தை கேட்டான்னு சொல்லு.”

“நீயே சொல்லேன்.”

“எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்ல?”

“எனக்கும் அதே மூஞ்சிதான், அக்கா.”

அக்கா சிரித்தாளா மூக்கை உறிஞ்சினாளா என்று தெரியவில்லை. போனை வைத்துவிட்டாள்.

கறார் ஒரு புது ஷீட்டை மரத்தட்டில் மாட்டினார். பழைய ஷெட்யூலை அடித்துத் திருத்தவில்லை. டிப்போவில் அடித்தல் திருத்தல் செல்லாது. புறப்பாடு என்ற கட்டத்தில் மகள் ஊர் என்று எழுதினார். சேருமிடம், அக்கா வீடு. ஓட்ட நேரம், தொண்ணூற்று மூன்று மணி. பேனா கடைசிக் கட்டத்துக்கு வந்து நின்றது. தாமதம், ஆறு வருடம். காரணம்?

டயர் இல்லை. கூட்டம் இல்லை. டிரைவர் இல்லை. முப்பத்தொரு வருடத்தில் எழுதாத இரண்டு வார்த்தையை, மற்ற நாட்களில் எழுதும் அதே நேரான எழுத்தில் எழுதினார். டைம் கீப்பர். கீழே கையெழுத்துப் போட்டார். தேதியும் போட்டார்.

“இதைப் படம் எடுத்து அவளுக்கு அனுப்பு,” என்றார்.

மனைவி வாங்கிப் படித்தாள். படம் எடுத்து அனுப்பிவிட்டு, தாளை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தாள்.

ஃபிரிட்ஜ் மேல் கடிகாரத்தில் ஆறே முக்கால் ஆனபோது போன் அடித்தது. மனைவி எடுக்கவில்லை. கறாரே எடுத்தார்.

“நல்லா இருக்கியா?”

“இருக்கேன்பா,” என்றாள் மகள். இந்த இடத்தில் போன் கை மாறுவது வழக்கம். கறார் அதைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அப்பா, எத்தனை மணிக்கு வர்றீங்க? நான் ஏர்போர்ட்டுக்கு வரணும்.”

“செவ்வாய்க்கிழமை காலைல ஏறி செவ்வாய்க்கிழமை மதியம் இறங்கறோமாம். நடுவுல பன்னிரண்டரை மணி நேரம் எங்க போகுதுன்னு தெரியலை.”

“தெரியலையா? உங்களுக்கா?”

“எனக்குத்தான்.”

மகள் குரலைத் தாழ்த்தி, பக்கத்தில் யாராவது கேட்டுவிடுவார்களோ என்பதுபோலச் சொன்னாள். “அப்பா, அந்த ஷீட்டை டிப்போவுக்கு எடுத்துட்டுப் போகாதீங்க. ரிவர்ஸ் மாமா பார்த்தா போற வர்ற வண்டிக்கெல்லாம் சொல்லிடுவார். அது நம்ம வீட்டோட இருக்கட்டும்.”

“ம்,” என்றார். அந்த வளர்ப்பையா குறை சொன்னோம் என்று மனதுக்குள் ஓடியது. ஷீட்டை நாலாக மடித்து, அட்லஸில் அந்தப் பக்கத்தைப் பிரித்து உள்ளே வைத்து மூடினார். பிறகுதான் போனை மனைவியிடம் நீட்டினார்.

மனைவி பேசி முடித்துவிட்டு வந்தாள். “ஏங்க, அப்ப செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாடு எங்க சாப்பிடுவோம்? பிளேன்லயா, பொண்ணு வீட்டுலயா? இல்ல, ரெண்டு தடவையா?”

“எனக்குத் தெரியலை. காலைல டிக்கெட் அம்மாவைக் கேட்டுச் சொல்றேன்,” என்றார் கறார். ஃபிரிட்ஜ் அருகே போனார். அந்தக் கடிகாரத்தைக் கையில் எடுத்து, வேட்டி நுனியால் கண்ணாடியைத் துடைத்து, முள்ளில் கை படாமல் இருந்த இடத்திலேயே வைத்தார். அதன் பக்கத்தில் அக்காவுக்கு ஒரு கடிகாரம் வைக்க இடம் இருக்கிறதா என்று விரலால் அளந்து பார்த்தார்.